எட்டு ஹார்ட் டிஸ்குக்கு ஒரு வீடு: கேபினெட் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கல்யாண வீடியோ, குடும்பப் படங்கள், வீட்டுப் பத்திரங்களின் நகல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வீட்டு சர்வர்

மும்பைத் தமிழர் வீடுகளில் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். ஊரில் இருந்து ரெயிலேறியபோது கூடவே வந்த பெட்டி அது. ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், கல்யாண ஆல்பம், பழைய மின்சார ரசீது எல்லாம் அதற்குள்தான் கிடக்கும்.

இன்று அந்தச் சாமான்களில் பாதி செல்போனுக்குள் போய்விட்டது. பேரன் பிறந்த நாள் படம் போனில். தாத்தாவின் குரல் போனில். வீட்டுப் பத்திரத்தின் நகலும் போனில். அந்தப் போன் தாதர் ஸ்டேஷன் நெரிசலில் பறிபோனால்? எல்லாம் போச்சு!

இதற்காகத்தான் பலரும் வீட்டில் ஒரு 'சர்வர்' வைத்துக்கொள்கிறார்கள். சர்வர் என்றதும் பயப்பட வேண்டாம். 24 மணி நேரமும் ஓடுகிற ஒரு சாதாரண கம்ப்யூட்டர்தான் அது. அதில் நான்கு, ஆறு, எட்டு என்று ஹார்ட் டிஸ்குகள் இருக்கும். வீட்டில் உள்ள போன், டி.வி., லேப்டாப் எல்லாம் வைபை மூலம் அதில் படங்களைப் போடலாம், எடுக்கலாம். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற டிஸ்குகள் விவரத்தைக் காப்பாற்றும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

இப்படி சர்வர் கட்டுபவர்கள் பிராசசர் பற்றி நாள் கணக்கில் விசாரிப்பார்கள். மதர்போர்டு பற்றி நாலு பேரைக் கேட்பார்கள். ஆனால் இவற்றையெல்லாம் வைக்கும் பெட்டியை மட்டும், "ஏதோ ஒன்று போதும்" என்று கடைசியில் வாங்குவார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. பிராசசரை நாளை மாற்றலாம். எட்டு டிஸ்கும் அவிந்துபோகிற பெட்டியை வாங்கிவிட்டால் நட்டம் டிஸ்குக்கு மட்டும் அல்ல. அதில் இருக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்துத்தான்.

முதலில் கணக்கு

பெட்டி வாங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். எத்தனை டிஸ்க் தேவை?

சாதாரணக் குடும்பம் என்றால் கணக்கு சிறியது. போன் படங்கள், சில வீடியோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள். இதற்கு இரண்டு முதல் நான்கு டிஸ்க் தாராளம்.

1980-களில் எடுத்த கல்யாண வீடியோ கேசட்டுகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. மும்பையின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டைப் போட்டுப் பார்க்கும் வி.சி.ஆர். கருவியை உலகில் கடைசியாகச் செய்து வந்த ஜப்பானின் புனாய் நிறுவனமும் 2016-ம் ஆண்டு ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஆகவே கேசட்டை டிஸ்கில் ஏற்ற நினைப்பவர்கள் தள்ளிப் போடக்கூடாது. டி.வி. எனப்படும் டிஜிட்டல் வீடியோ முறையில் ஏற்றினால் ஒரு மணி நேரப் படம் சுமார் 13 ஜி.பி. இடம் பிடிக்கும். மூன்று மணி நேரக் கல்யாணம் 39 ஜி.பி.

போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் கதை வேறு. இப்போது 4-கே வீடியோதான் எல்லோரும் கேட்கிறார்கள். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். இரண்டு கேமரா, ஐந்து மணி நேரம் என்றால் ஒரே முகூர்த்தத்துக்கு 450 ஜி.பி. வருடத்துக்கு 50 கல்யாணம் எடுப்பவருக்கு 22.5 டெராபைட் வேண்டும்.

8 டெராபைட் டிஸ்க் எட்டு போட்டால் மொத்தம் 64. அதில் இரண்டு டிஸ்க் அளவைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினால் மிச்சம் 48 டெராபைட். இரண்டு வருடக் கல்யாணங்களுக்கு அது சரியாகப் போகும்.

கணக்குப் போட்டுவிட்டீர்களா? வந்த எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு டிஸ்க் தேவை என்றால் ஆறு டிஸ்க் பிடிக்கும் பெட்டி. ஆறு தேவை என்றால் எட்டு பிடிக்கும் பெட்டி. குடும்பம் வளரும், படமும் வளரும்.

பெர்த் எத்தனை?

லேமிங்டன் ரோடு கடைகளில் இந்தப் பெட்டிக்குப் பெயர் 'கேபினெட்'. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லேமிங்டன் பிரபுவின் பெயர் அந்தச் சாலைக்கு. இப்போது அதிகாரப்பூர்வமான பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். மாட்டுங்காவில் இருந்தாலும் செம்பூரில் இருந்தாலும் தாதர் வந்து மேற்கு ரெயில்வே வண்டிக்கு மாறிப் போகலாம்.

கடையில் கண்ணைப் பறிப்பது எது? கண்ணாடிக் கதவும் வண்ண வண்ண விளக்கும் வைத்த கேபினெட். விளையாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தது. பார்க்கப் பெரிதாக இருக்கும். திறந்து பார்த்தால் பெரிய ஹார்ட் டிஸ்குக்கு இரண்டே இடம்தான் இருக்கும்.

ரெயிலின் ஸ்லீப்பர் பெட்டி எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன? 72 பெர்த் என்றால் 72 பேர்தான் படுக்க முடியும். கேபினெட்டும் அப்படித்தான். வெளி அளவைப் பார்க்காதீர்கள். உள்ளே பெர்த் எத்தனை என்று எண்ணுங்கள்.

பெர்த்தில் மூன்று வகை உண்டு. மூன்றரை அங்குலம் என்பது பெரிய ஹார்ட் டிஸ்குக்கு. இரண்டரை அங்குலம் என்பது எஸ்.எஸ்.டி.க்கும் லேப்டாப் டிஸ்குக்கும். ஐந்தேகால் அங்குலம் என்பது பழைய டி.வி.டி. டிரைவுக்கு. விளம்பரத்தில் "பத்து டிரைவ் பிடிக்கும்" என்று போட்டிருப்பார்கள். விசாரித்தால் அதில் ஆறு இரண்டரை அங்குலமாக இருக்கும். "மூன்றரை அங்குலம் எத்தனை?" என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. சில கேபினெட்டில் இடம் எட்டு இருக்கும். ஆனால் டிஸ்கைப் பொருத்தும் தட்டு நான்குதான் கொடுத்திருப்பார்கள். மீதித் தட்டைத் தனியாக வாங்க வேண்டும். அந்தத் தட்டு கையிருப்பில் உண்டா என்று அன்றே கேட்டுவிடுவது நல்லது. இரண்டு வருடம் கழித்துத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

பழைய தட்டுகளில் புதிய பெரிய டிஸ்க் பொருந்தாமல் போவதும் உண்டு. அதிகக் கொள்ளளவு உள்ள பல டிஸ்குகளில் முன்பு இருந்த நடுத் துளை கிடையாது. கையில் ஒரு டிஸ்கை எடுத்துப் போய் வைத்துப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

காற்று எந்த வழி?

பெரிய ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றும் ஓடும்போது 5 முதல் 8 வாட் வரை மின்சாரம் எடுக்கும். எடுப்பது முழுவதும் சூடாக மாறும். எட்டு டிஸ்க் என்றால் சுமார் 60 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று பெட்டிக்குள் இரவும் பகலும் எரிவதற்குச் சமம்.

மும்பையில் மே மாதம் வீட்டுக்குள்ளேயே 33 டிகிரி இருக்கும். தகரக் கூரை வீட்டில் அதற்கும் மேல். நல்ல காற்றோட்டம் இருந்தால் டிஸ்கின் சூடு அறையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக நிற்கும். அதாவது 43. காற்று இல்லாவிட்டால் 55-ஐத் தாண்டும். பெரும்பாலான டிஸ்குகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வரம்பு 60 டிகிரி.

கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007-ம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுமாரான சூட்டால் பெரிய கெடுதல் இல்லை என்று அதில் தெரிந்தது. மிக அதிகச் சூட்டில், அதுவும் வயதான டிஸ்குகளில்தான் பழுது கூடியது. ஆகவே ஏ.சி. வேண்டியதில்லை. காற்று போய் வர வழி இருந்தால் போதும்.

அந்த வழியை எப்படிக் கண்டுபிடிப்பது? கேபினெட்டின் முகத்தைப் பாருங்கள். வலையாக இருக்கிறதா, மூடிய கண்ணாடியாக இருக்கிறதா? கண்ணாடி என்றால் வேண்டாம். டிஸ்க் அடுக்குக்கு நேர் முன்னால் விசிறி பொருத்த இடம் இருக்கிறதா? விசிறி ஒரு மூலையில், டிஸ்க் இன்னொரு மூலையில் என்றால் பயன் இல்லை. இரண்டு டிஸ்குக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா? ஒட்டி ஒட்டி அடுக்கினால் நடுவில் மாட்டிய டிஸ்க்தான் முதலில் வேகும்.

தூசி வடிகட்டும் வலை கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். மும்பைத் தூசிக்கு மாதம் ஒரு முறையாவது கழுவ வேண்டியிருக்கும். பின்பக்கம் மூடாத ஓட்டை எதுவும் இருக்கக்கூடாது. கதகதப்பான இருட்டு என்றால் கரப்பான் பூச்சிக்குக் கொண்டாட்டம். எலி வந்தால் ஒயரைக் கடித்துவிடும். மழைக் காலத்தில் பெட்டியை நாள் கணக்கில் அணைத்து வைக்காமல் ஓட விடுவது நல்லது. உள்ளே லேசான சூடு இருந்தால் ஈரம் தங்காது.

தூக்கம் முக்கியம்

பங்களாவில் சர்வரை மாடியில் வைக்கலாம். ஒற்றை அறை கோலியில்? அதே அறையில்தான் சமையல், படிப்பு, படுக்கை எல்லாம். இரவில் பெட்டி 'ங்ங்' என்று முனகினால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தூக்கம் கெடும்.

டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. அதாவது வினாடிக்கு 120 சுற்று. எட்டு டிஸ்க் ஒன்றாகச் சுற்றும்போது அந்த அதிர்வு தகட்டுக்கு ஏறும். மெல்லிய தகடாக இருந்தால் தகரடப்பா மாதிரி சத்தம் போடும். கடையில் கேபினெட்டின் பக்கக் கதவை விரலால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்றால் நல்லது. 'டங்' என்று அதிர்ந்தால் யோசியுங்கள்.

தட்டில் ரப்பர் வாஷர் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது அதிர்வை உறிஞ்சும். இந்த அதிர்வு காதுக்கு மட்டும் தொல்லை இல்லை. பக்கத்து டிஸ்கின் ஊசி தடம் மாறி, திரும்பத் திரும்பப் படிக்க வேண்டி வரும். வேகம் குறையும். 5,400 சுற்று டிஸ்க் வாங்கினால் சத்தமும் குறையும், சூடும் குறையும். படம் பார்க்கவும் பத்திரம் சேமிக்கவும் அந்த வேகமே போதும்.

விசிறியில் ஒரு எளிய விதி உண்டு. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலும் நிறையக் காற்றைத் தள்ளும். சிறிய விசிறி வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். அதனால் 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி பொருந்தும் கேபினெட்டாகத் தேடுங்கள்.

இலவச எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம்

மலிவுக் கேபினெட்டுகளோடு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் சேர்த்தே விற்பார்கள். லாபம் என்று தோன்றும். பல டிஸ்க் போடுபவர்களுக்கு அது ஆகாது.

ஓடும்போது 8 வாட் எடுக்கும் டிஸ்க், சுற்றத் தொடங்கும் சில வினாடிகளில் மட்டும் 20 முதல் 25 வாட் இழுக்கும். எட்டு டிஸ்கும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 200 வாட். வண்டி கிளம்பும்போதுதான் எஞ்சினுக்கு முக்கல் அதிகம் அல்லவா? அதே கதைதான். நல்ல கம்பெனியின் 450 அல்லது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். தனியாக வாங்குவது பாதுகாப்பு.

டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா முனை எத்தனை இருக்கிறது என்று எண்ண வேண்டும். போதாவிட்டால் ஒன்றை இரண்டாக்கும் ஒயரைக் கடைக்காரர் கொடுப்பார். அதில் ஒரு எச்சரிக்கை. பழைய நான்கு முள் முனையில் இருந்து சாட்டாவுக்கு மாற்றும், உருக்கி வார்த்த மலிவான ஒயர்கள் உள்ளே உரசித் தீப்பிடித்தது உண்டு. அந்த வகையைத் தொடவே கூடாது.

எல்லாம் சேர்த்து சர்வர் 100 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். மாதம் 72 யூனிட். உங்கள் மின்சார ரசீதில் உள்ள கட்டணத்தோடு பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் டிஸ்க் எண்ணிக்கையைக் குறைத்து, பெரிய டிஸ்காகப் போடலாம். 4 டெராபைட்டில் எட்டு போடுவதைவிட 16 டெராபைட்டில் இரண்டு போட்டால் பெட்டியும் சிறிதாகும், பில்லும் சிறிதாகும்.

பெயர் பெற்ற சில பெட்டிகள்

வீட்டு சர்வர் கட்டுபவர்கள் அதிகம் பேசும் பெயர்கள் சில உண்டு.

சுவீடன் நாட்டு பிராக்டல் டிசைன் கம்பெனியின் 'நோட் 304' ஒரு சிறிய பெட்டி. 25 சென்டிமீட்டர் அகலம், 21 சென்டிமீட்டர் உயரம். அதற்குள் ஆறு பெரிய டிஸ்க் பிடிக்கும். மினி ஐ.டி.எக்ஸ். எனப்படும் சின்ன மதர்போர்டுதான் போட முடியும்.

அதே கம்பெனியின் 'நோட் 804' கனசதுரம் மாதிரி இருக்கும். அகலம் 34, உயரம் 31, ஆழம் 39 சென்டிமீட்டர். உள்ளே நடுச்சுவர் வைத்து இரண்டு அறையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு அறையில் மதர்போர்டு. மறு அறையில் எட்டு டிஸ்க் தொங்கும். மதர்போர்டு அறையின் தரையில் இன்னும் இரண்டு வைக்கலாம். ஆக மொத்தம் பத்து. பிராசசரின் சூடு டிஸ்கைத் தொடாது என்பது இதன் விசேஷம். மேஜைக்கு அடியில் அடங்கும்.

'டிபைன் ஆர்-5' நெட்டையான டவர். 45 சென்டிமீட்டர் உயரம், 52 சென்டிமீட்டர் ஆழம். எட்டுத் தட்டு உண்டு. சத்தம் அடக்க உட்புறம் கனமான அட்டை ஒட்டியிருப்பார்கள். இடம் உள்ள வீட்டுக்கு ஏற்றது. புதிதாகக் கிடைக்காவிட்டாலும் பழைய சந்தையில் தேடலாம்.

சீனாவின் ஜான்ஸ்போ கம்பெனி 'என்' வரிசை என்று சர்வருக்காகவே பெட்டிகள் செய்கிறது. 'என்-2'-வில் ஐந்து, 'என்-3'-ல் எட்டு டிஸ்க் பிடிக்கும். டிஸ்கை முன்பக்கமாகவே உருவி எடுக்கலாம். இந்த வசதிக்கு 'ஹாட் ஸ்வாப்' என்று பெயர். ஸ்டூடியோக்காரர்களுக்கு மிகவும் உதவும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். சிறிய எஸ்.எப்.எக்ஸ். வகையாக இருக்க வேண்டும். அது விலை கூடுதல்.

தைவானின் சில்வர்ஸ்டோன் கம்பெனியின் 'சி.எஸ். 380' டவரிலும் முன்பக்கம் உருவும்படி எட்டு டிஸ்க் பிடிக்கும்.

விலையை ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. கேபினெட்டின் விலையைப் பெரிய டிஸ்க் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு பெர்த்துக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இரண்டு டிஸ்க் பிடிக்கும் மலிவுப் பெட்டியைவிட, எட்டு பிடிக்கும் விலையுயர்ந்த பெட்டி ஒரு பெர்த்துக்கு மலிவாக இருப்பதைக் காணலாம். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்பார்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாரண்டி கேட்டுப் போக முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

கட்டி முடிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு சைனாலஜி, கியூநாப் போன்ற கம்பெனிகளின் தயார் நிலைப் பெட்டிகள் உண்டு. டிஸ்கைச் சொருகினால் வேலை முடிந்தது. ஆனால் உள்ளே ஒரு பாகம் கெட்டால் அந்தக் கம்பெனியையே நம்பி நிற்க வேண்டும். சொந்தமாகக் கட்டியதில் எந்தப் பாகம் கெட்டாலும் லேமிங்டன் ரோட்டில் மாற்று கிடைக்கும்.

ஆபீஸ்கள் கழித்துப் போடும் பழைய சர்வர்களும் சந்தைக்கு வரும். அலமாரியில் சொருகும் தட்டை வகையைக் கண்டு ஆசைப்படாதீர்கள். பல சர்வர்கள் 70 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சின்ன விசிறிகள் போடும் சத்தத்தில் வீட்டில் பேச்சே கேட்காது. டவர் வகை பரவாயில்லை. அதிலும் எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு எல்லாம் அந்தக் கம்பெனி அளவிலேயே இருக்கும் என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

தாராவியில் வழி இருக்கிறது

கையில் ஒரு பழைய டவர் இருக்கிறது. நல்ல கனமான தகடு. டிஸ்குக்கு மட்டும்தான் இடம் இல்லை. தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டியதில்லை. தாராவியில் தகடு வளைக்கவும் அலுமினியக் கோணம் அறுக்கவும் பட்டறைகள் உண்டு. அளவைச் சரியாகச் சொன்னால் டிஸ்க் அடுக்கு ஒன்றைச் செய்து வாங்கிவிடலாம்.

அளவு இதுதான். டிஸ்கின் அகலம் 101.6 மில்லிமீட்டர். நீளம் 147. உயரம் 26. டிஸ்குகளுக்கு நடுவே 10 மில்லிமீட்டர் இடைவெளி. நான்கு டிஸ்குக்கு உயரம் 104, இடைவெளி மூன்றுக்கு 30, ஆக 134 மில்லிமீட்டர். ஒரு 140 மில்லிமீட்டர் விசிறியை முன்னால் வைத்தால் கச்சிதம். எட்டு டிஸ்குக்கு 208-ம் 70-ம் சேர்ந்து 278. இரண்டு 140 விசிறி ஒன்றன் மேல் ஒன்று!

மூன்று விஷயம் மட்டும் கவனம். டிஸ்கின் அடிப்பக்கம் உள்ள பச்சை மின்பலகை எந்த இரும்பிலும் படக்கூடாது. ஸ்குரூ நீளமாக இருந்தால் உள்ளே முட்டி டிஸ்க் கெடும். டிஸ்குக்கு உரிய குட்டை ஸ்குரூதான் போட வேண்டும். அறுத்த விளிம்பை அரம் போட்டு மழுக்காவிட்டால் ஒயர் அறுபடும். அடுக்கை டவரின் உடலோடு இறுக்கமாக முடுக்கி, சுவர் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளவும்.

எங்கே வைப்பது?

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதியை மும்பைக்காரர்கள் மறக்க முடியாது. சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான்! மித்தி ஆறு பொங்கி வந்தது. குர்லா, காலினா, தாராவி என்று வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டிகளின் கதி என்ன ஆயிற்று என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், சயான் பகுதிகளில் கனமழை என்றால் சாலையில் தண்ணீர் நிற்பதும் புதிதல்ல.

ஆகவே தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் சர்வரைத் தரையில் வைக்கவே கூடாது. இடுப்பு உயரத்துக்கு மேல் தேவை. இங்கேதான் பெட்டியின் எடை கணக்கில் வருகிறது. ஒரு பெரிய டிஸ்க் சுமார் 700 கிராம். எட்டு டிஸ்க் ஐந்தரை கிலோ. பெட்டியும் எஸ்.எம்.பி.எஸ்.-ம் சேர்ந்தால் 15 கிலோவைத் தாண்டும். சுவரில் அடித்த சாதாரணப் பலகை தாங்காது. இரும்புத் தாங்கி போட்ட அலமாரி வேண்டும். பரணில் வைப்பவர்கள் கூரைச் சூட்டையும் கசிவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் தரைத்தள வீட்டுக்குக் கனமான டவரைவிட, இரண்டு கையால் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடக்கூடிய சின்னப் பெட்டியே மேல். கைப்பிடித்துத் தூக்க வாகாக இருக்கிறதா என்று கடையிலேயே தூக்கிப் பாருங்கள்.

தாராவிக்கு ஏன் அவசியம்?

தாராவியில் காகிதத்துக்கு இப்போது மதிப்பு அதிகம். சுமார் 600 ஏக்கர் பரப்பில் மறுசீரமைப்புத் திட்டம் வந்திருக்கிறது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024-ம் ஆண்டு தொடங்கியது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்பது திட்டத்தின் நிபந்தனை. அதைக் காட்ட பழைய மின்சார ரசீது, வாக்காளர் பட்டியல், கடை உரிமம் போன்ற காகிதங்கள் வேண்டும். கால் நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு ரசீது ஒரு குடும்பத்தின் முகவரியைத் தீர்மானிக்கிறது!

சர்வரில் ஏற்றிய நகல் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. மூலத்தை பிளாஸ்டிக் உறையில் தனியே பாதுகாக்க வேண்டும். ஆனால் மூலம் நனைந்து அழிந்தால் அதில் இருந்த எண், தேதி, பெயர் ஆகியவற்றைச் சொல்லி அலுவலகத்தில் நகல் கேட்கலாம். அந்த விவரம் ஸ்கேனில் இருக்கும். ஸ்கேனும் இல்லாவிட்டால் கேட்பதற்கே வழி இல்லை.

ஒரே பெட்டி போதாது

எவ்வளவு நல்ல கேபினெட் ஆனாலும் அது ஒரே ஒரு பெட்டி. தீயோ வெள்ளமோ திருடனோ வந்தால் எட்டு டிஸ்கும் ஒன்றாகவே போகும்.

யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981-ம் ஆண்டு எரிக்கப்பட்டபோது சுமார் 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. அவற்றில் வேறு எங்குமே பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் இருந்தன. பிரதி இருந்த நூலை மறுபடி வாங்கி வைக்க முடிந்தது. பிரதி இல்லாத சுவடி போனது போனதுதான். இலங்கைத் தமிழ் நூல்களை 2005-ம் ஆண்டு முதல் 'நூலகம்' என்ற இணைய நூலகம் ஸ்கேன் செய்து பாதுகாத்து வருகிறது.

வீட்டுக்கும் அதே பாடம்தான். மூன்று பிரதி வேண்டும். இரண்டு வேறு கருவிகளில் இருக்க வேண்டும். ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். மும்பைத் தமிழர்களுக்கு மூன்றாவது நிபந்தனை சுலபம். திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ அண்ணன் வீடு இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போகும்போது ஒரு தனி டிஸ்கில் எல்லாவற்றையும் ஏற்றி அங்கே பீரோவில் வைத்துவிட்டு, போன வருட டிஸ்கை எடுத்து வரலாம். துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டு போனால் போதும்.

இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கும் முன்பக்கம் உருவும் வசதி கொண்ட கேபினெட் கைகொடுக்கும். ஸ்குரூடிரைவர் தேடாமல் டிஸ்கை மாற்றலாம்.

கடைக்குப் போகும் முன்...

ஒரு துண்டுத் தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்:

1. இப்போது எத்தனை டிஸ்க்? அதோடு இரண்டு கூட்டினால் எத்தனை?

2. வைக்கப்போகும் இடத்தின் நீளம், அகலம், உயரம். பின்பக்கம் காற்றுக்கும் ஒயருக்கும் நான்கு விரற்கடை கூடுதல்.

3. மதர்போர்டின் அளவு: ஏ.டி.எக்ஸ்., மைக்ரோ ஏ.டி.எக்ஸ்., மினி ஐ.டி.எக்ஸ். இதில் எது?

4. எந்த வகை எஸ்.எம்.பி.எஸ். பொருந்தும்? சாட்டா முனை எத்தனை?

5. டிஸ்க் அடுக்குக்கு நேர் எதிரே விசிறி உண்டா? தட்டு எத்தனை கூட வருகிறது?

6. தூக்கினால் எவ்வளவு கனம்?

ஆறு கேள்விக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் அந்த கேபினெட்டை வாங்கலாம். அதில் விளக்கு எரியாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. மழைக் காலம் ஜூனில் தொடங்கும். ஸ்கேன் செய்கிற வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.